அக்காவுக்குக் கொடுத்த முகம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. ஏமாற்றத் தெரிந்தவளாக இருந்திருந்தால் இந்த எழுபத்தொரு வயதில், பாதி நாள் லிஃப்ட் ஓடாத கட்டடத்தின் மூன்றாவது மாடியில் குடியிருக்க மாட்டேன். நான் செய்தது ஒன்றே ஒன்றுதான். என் அக்காவால் கண்ணைச் சிமிட்ட முடியவில்லை. அவளுக்குப் பதிலாக நான் சிமிட்டினேன்.

அக்காவுக்கு எழுபத்தாறு வயது. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் முப்பத்தெட்டு வருஷம் வேலை பார்த்தவள். பிளீச்சிங் பவுடரும் கொதிக்கிற தண்ணீரும் தின்றதில் அவள் விரல்களில் ரேகையே கிடையாது, பத்து விரலும் வழவழவென்று இருக்கும். போன வருஷம் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போயிற்று. ‘ம்’ என்கிற ஒரு சத்தம்தான் மிச்சம். இடது கண்ணின் இமை மூடுவதில்லை, தூங்கும்போதும் அந்தக் கண் பாதி திறந்தே இருக்கும். அவள் தூங்குகிறாளா, என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாளா என்று எனக்கே பல சமயம் தெரியாது.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவளைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எனக்கோ முதுகெலும்பில் தேய்மானம். ஒரு குடம் தண்ணீரைத் தூக்கினால் இரண்டு நாள் படுத்துக்கொள்கிற ஆள் நான். அரசாங்கத்தில் வீட்டு உதவித் திட்டம் என்று ஒன்று இருக்கிறதாம், விண்ணப்பம் போட்டால் தினமும் காலை ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை பணியாளர் ஒருவர் வந்து கவனித்துக்கொள்வாராம். அது கிடைக்காவிட்டால் அக்காவை ஊருக்கு வெளியே இருக்கிற இல்லத்தில்தான் சேர்க்க வேண்டும் என்றார் டாக்டர்.

அந்த இல்லத்தை அக்காவுக்கு நன்றாகத் தெரியும். அங்கிருந்த படுக்கை விரிப்புகள் எல்லாம் அவள் கைக்குத்தான் வெளுக்க வரும். என்ன பார்த்தாளோ, எதையும் விவரமாகச் சொன்னதில்லை. வாய் பேசின காலத்தில் ஒருநாள் துணி மடித்துக்கொண்டே, “என்னை எங்க வேணா போடு. அங்க மட்டும் அனுப்பிடாத, சின்னு” என்றாள். சின்னு என்பது நான்தான். அவள் மட்டும்தான் என்னை அப்படிக் கூப்பிடுவாள்.

எனவே விண்ணப்பிக்கக் கிளம்பினேன். ரயில் நிலைய விசாரணைக் கவுண்டரில் இருபத்தொன்பது வருஷம் உட்கார்ந்தவள் நான். ‘அடுத்த கவுண்டர்ல கேளுங்க’ என்று எத்தனை பேரை அலையவிட்டிருப்பேனோ, அந்தப் பாவமெல்லாம் அன்றைக்கு ஒன்றுகூடி என்னைப் பிடித்துக்கொண்டது. உதவி அலுவலகத்தில் கவுண்டர்களையே எடுத்துவிட்டிருந்தார்கள். சுவரில் ஒரு பெரிய திரையும் அதன் பக்கத்தில் ஒரு காவலாளியும் மட்டும் இருந்தார்கள்.

“எல்லாம் ஆன்லைன்தாம்மா இப்ப,” என்றார் காவலாளி.

“அப்ப நீங்க எதுக்கு இங்க நிக்கிறீங்க?”

“ஆன்லைன்னு சொல்றதுக்குத்தான்.”

நகல் எடுக்கிற கடைக்காரரிடம் போனேன். ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர், ஒவ்வொரு எழுத்தையும் தேடிக் கண்டுபிடித்து ஒற்றை விரலால் குத்துவார். அவர் அக்காவின் பிறந்த தேதியைக் குத்தி முடிப்பதற்குள் பக்கம் காலாவதியாகிவிடும். மறுபடி முதலிலிருந்து. படம் பெரிதாக இருக்கிறது என்று சொல்லும், சிறிதாக்கினால் தெளிவாக இல்லை என்று சொல்லும். என் போனுக்கு ஆறு இலக்க எண் ஒன்று வரும், அதை இரண்டு நிமிஷத்துக்குள் அடிக்க வேண்டும். கைப்பையில் கண்ணாடியைத் தேடி மாட்டுவதற்கே எனக்கு ஒரு நிமிஷம் போய்விடும், மீதி ஒரு நிமிஷம் அவர் விரலுக்குப் போதவில்லை. நான்கு நாள் நடந்து நொந்து நூலானபிறகு ஐந்தாவது நாள் ஒருவழியாக ஏறிற்று.

“கைரேகை வைக்கணும்னா நீங்க அக்காவைத் தூக்கிட்டு வரணும்,” என்றார் கடைக்காரர். “அவங்களுக்குத்தான் ரேகையே இல்லங்கறீங்க. முகம் காட்டுனாப் போதும்னு ஒண்ணு இருக்கு. வீட்லயே போன்ல காட்டிடலாம். இன்னைக்குள்ள காட்டிடுங்க, இல்லன்னா போட்டதெல்லாம் அழிஞ்சிடும்.”

மத்தியான வெயில் ஜன்னல் வழியாகக் கட்டில்மேல் விழுந்துகொண்டிருந்தது. அக்காவைத் தலையணையில் சாய்த்து உட்காரவைத்து, தலையைச் சீவிவிட்டு, போனை அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். திரையில் ஒரு வட்டம் வந்தது. ஒரு பெண் குரல், ரயில் அறிவிப்புக் குரல் மாதிரி உணர்ச்சியே இல்லாமல், “உங்கள் முகத்தை வட்டத்துக்குள் வைக்கவும். கண்களை இருமுறை சிமிட்டவும்” என்றது. அக்கா சிமிட்டினாள். வலது கண் மூடித் திறந்தது. இடது கண் அப்படியே வெறித்தது.

“உயிருள்ள முகம் கண்டறியப்படவில்லை,” என்றது குரல்.

மறுபடியும் காட்டினேன். விரலால் அவள் இமையை மூடிவிட்டுப் பார்த்தேன். விளக்கைப் போட்டுப் பார்த்தேன். பதினொரு தடவை அந்தக் குரல் என் அக்காவின் முகத்துக்கு நேராக, உயிர் இல்லை, உயிர் இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தது. கடைசியில் அவள் வலது கண்ணிலிருந்து நீர் வழிந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் போனைச் சுவரில் அடித்திருப்பேன். ‘இன்னும் ஒரு வாய்ப்பு மட்டுமே உள்ளது’ என்று எழுத்து வந்தது.

எங்கள் வீட்டில் ஒருத்தியால் முடியாததை மற்றவள் செய்துவிடுவது சின்ன வயதிலிருந்தே வழக்கம். எனக்கு வேலை கிடைத்தபோது கண் பரிசோதனை நாளன்று அம்மை போட்டிருந்தது, அக்காதான் என் பெயரைச் சொல்லிப் போய் எழுத்தெல்லாம் படித்துவிட்டு வந்தாள். அவளுக்குக் காய்ச்சல் வந்த நாட்களில் சலவைக்கூடத்து வருகைப் பதிவில் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு நான் போய் நின்றிருக்கிறேன். எங்களுக்கு ஒரே மூக்கு, ஒரே நெற்றி. அதனால் யோசிக்கவே இல்லை. போனை என் பக்கம் திருப்பி, முகத்தை வட்டத்துக்குள் வைத்து, இருமுறை சிமிட்டினேன்.

வட்டம் பச்சையாக மாறிற்று. “வணக்கம்,” என்று சொல்லி அக்காவின் பெயரைச் சொன்னது குரல். கீழே ஒரு படம் வந்தது. இப்போதுதான் எடுத்த என் படம். ஆனால் அதில் என் இடது கண் மட்டும் அக்காவுடையதைப்போல் வெறித்துக்கொண்டிருந்தது. போய்க் குளியலறைக் கண்ணாடியில் பார்த்தேன், இரண்டு கண்ணும் சரியாகத்தான் இருந்தன.

நாலாம் நாள் உதவி கிடைத்துவிட்டது என்று செய்தி வந்தது. அதன்பின்னாலேயே இன்னொரு செய்தி, என் பெயருக்கு: ‘உங்கள் பதிவு இரட்டைப் பதிவு எனக் கண்டறியப்பட்டு மூடப்பட்டது.’ ஏதோ விளம்பரம் என்று அதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

திங்கட்கிழமை காலை சரியாக ஒன்பது மணிக்குப் பணியாளர் வந்தாள். நாற்பது வயது இருக்கும். நீலக் கோட்டு, ரப்பர் செருப்பு, கழுத்தில் வார் போட்டு மார்பில் தொங்குகிற ஒரு டேப், சிலேட்டு அளவுத் திரை. அதன் மேல்முனையில் சின்னச் சிவப்புப் புள்ளி ஒன்று எரிந்துகொண்டே இருந்தது. நான் அவளை அறைக்குள் அழைத்துப்போய், “இவங்கதாம்மா” என்று கட்டிலைக் காட்டினேன். அவள் டேப்பைக் கழற்றாமல் அக்காவின் முகத்துக்கு நேராகக் குனிந்தாள். அது சிவப்பாகி ஒரு சத்தம் போட்டது. நிமிர்ந்து திரும்பியவள் என் பக்கம் அசைந்ததும் அதே டேப் பச்சையாகிக் கணீரென்று மணி அடித்தது.

“நீங்கதான் பெரியம்மாவா,” என்றாள்.

“நான் தங்கச்சி. கட்டில்ல இருக்கறவங்கதான் என் அக்கா. அவங்களுக்குத்தான் உதவி.”

அவள் என்னையே பார்த்தாள். பிறகு கட்டிலைப் பார்த்தாள். மார்பில் இருந்த டேப்பை ஒருமுறை தொட்டுக்கொண்டாள். “இந்த வீட்ல ஒரே ஒருத்தர்தான் இருக்கறதா காட்டுது,” என்றாள் மெதுவாக. “வாங்க பெரியம்மா, படுத்துக்குங்க. முதல்ல முதுகைப் பாத்துடலாம்.”

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து அவள் அக்காவின் பக்கம் திரும்பவே இல்லை. அந்த அறைக்குள் வரும்போது சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் நடந்து, கட்டிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே வருவாள். அக்கா ‘ம்’ என்றால் உரக்க இருமுவாள், அல்லது குழாயைத் திறந்துவிடுவாள். ஜன்னல் ஓரம் இருந்த என் கட்டிலில் என்னைப் படுக்கவைத்து, முதுகில் எண்ணெய் தேய்த்து, சூடு தண்ணீரில் துடைத்து, ஸ்பூனால் சாப்பாடு ஊட்டினாள். ஆறடி தூரத்தில் என் அக்கா மேற்கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பாள். எனக்கு வாயில் வைத்தது இறங்காது.

வேண்டாம் என்று நான் எழுந்து நின்றால், “மணிக்கு ஒரு தடவை உங்க முகத்தை இது கேக்கும் பெரியம்மா. படுத்திருக்கற மாதிரி தெரியலன்னா உதவி தேவையில்லன்னு எழுதிடும். அப்புறம் நான் வரமாட்டேன்” என்பாள். அவள் வராமல் போனால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். வாயைக் கட்டிக்கொண்டு படுத்தேன். ஒரு மணிக்கு அவள் போனதும் எழுந்து ஓடுவேன். நாலு மணி நேரம் கிடந்ததில் என் முதுகுக்குக் கொஞ்சம் தெம்பு வந்திருக்கும், அந்தத் தெம்பில் அக்காவைப் புரட்டுவேன். இப்படியும் ஒரு உதவி என்று என்னையே தேற்றிக்கொண்டேன்.

மூன்றாவது வாரம் சில விஷயங்கள் சரியாக இல்லை. எண்ணெய் தேய்த்து முடித்ததும் நான் அரைமணி கண் அயர்வது வழக்கமாகியிருந்தது. விழித்துப் பார்த்தால் அக்காவின் விரிப்பில் மடிப்பு வேறு மாதிரி இருக்கும். காலையில் இடது பக்கமாகப் படுக்கவைத்திருப்பேன், அவள் வலது பக்கமாகக் கிடப்பாள். ஒருநாள் அவள் தலைமுடி இறுக்கமாகப் பின்னியிருந்தது. நான் அவளுக்குப் பின்னிவிட்டதே இல்லை, என் விரலுக்கு அது வராது. பணியாளர் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அக்காவோ தானாகப் புரளக்கூட முடியாதவள். தூக்கத்தில் நானே எழுந்து செய்கிறேனோ என்று நினைத்தேன், எனக்குப் புத்தி பேதலிக்கிறதோ என்றும் நினைத்தேன்.

அப்படி நினைக்கக் காரணமும் இருந்தது. டேப்பில் இருக்கிற குறிப்பில் இடது பக்கம் செயலிழப்பு என்று இருந்ததால் அவள் என் இடது கையை ஒரு துண்டில் சுற்றித் தலையணைமேல் வைத்துவிடுவாள். “தூக்காதீங்க பெரியம்மா, பாத்துட்டிருக்கு” என்பாள். ஒரு சாயங்காலம் தண்ணீர் குடிக்கப் போனேன். டம்ளர் என் இடது பக்கம் இருந்தது. என் வலது கை உடம்பைக் குறுக்கே தாண்டிப் போய் அதை எடுத்தது. இடது கை மடியில் சும்மா கிடந்தது. அதை எழுப்ப நான் யோசிக்க வேண்டியிருந்தது. கட்டிலில் இருந்து அக்கா அந்தப் பாதிக் கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரமே என் ரத்த அழுத்த மாத்திரை தீர்ந்துபோய் மருந்தகத்துக்குப் போனேன். பத்து வருஷமாக என்னைத் தெரிந்த பெண், என்னைப் பார்த்ததும் வழக்கம்போலச் சிரித்தவள், கணினியைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாள். “உங்க பேர்ல யாருமே இல்லைன்னு வருதே.” என் முகத்துக்கு நேராகக் கேமராவைத் திருப்பினாள். “இது உங்க அக்கா பேரு இல்ல? அவங்களுக்குண்டான மருந்து தரட்டுமா?” ‘தங்கச்சி நான், என்னை உனக்குத் தெரியாதா’ என்று கத்தினேன். “தெரியும் ஆன்ட்டி,” என்றாள் அவள், அழுதுவிடுவாள் போல. “எனக்குத் தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?” வாங்காமல் வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து படியேறி மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தபோது போனில் ஒரு செய்தி வந்தது. ‘பயனாளியின் வீட்டில் பராமரிப்பாளர் எவரும் இல்லை. தனித்து வாழும் பயனாளி, அவரது பாதுகாப்புக்காக, வியாழன் காலை பத்து மணிக்கு இல்லத்துக்கு மாற்றப்படுவார்.’ மூன்று தடவை படித்தேன். என்னை அழித்துவிட்டதால் அக்காவுக்கு யாரும் இல்லை என்றாகிவிட்டது. பதிவில் அக்காவின் முகம் என்னுடையது என்பதால் கூட்டிக்கொண்டு போகப்போவது என்னை. இந்தக் கட்டிலில் கிடப்பவள் யாருடைய கணக்கிலும் இல்லை. என்னை வேனில் ஏற்றிக் கதவைப் பூட்டிவிட்டுப் போனால் அவள் எத்தனை நாள் தாங்குவாள்?

மறுநாளே உதவி அலுவலகத்துக்கு ஓடினேன். காவலாளியிடம் சண்டை போட்டு, உள்ளே ஒரு அறையில் உட்கார்ந்திருந்த குமாஸ்தாவைப் பிடித்தேன். வெளிறிய மனிதர், மேஜையில் ஒரு காகிதம்கூட இல்லை.

“இந்த முகம் இன்னொருத்தங்க பேர்ல இருக்கும்மா.”

“அது என் முகம்.”

“அப்ப நீங்க அவங்கதான்.”

“இல்ல சார். அக்காவால கண் சிமிட்ட முடியல. அதனால அன்னிக்கு நான்தான்…”

அவர் சட்டென்று கையை உயர்த்தினார். மேஜைமேல் இருந்த சின்னக் கருவியை ஒருமுறை பார்த்தார், அதிலும் ஒரு சிவப்புப் புள்ளி. “அதை முடிக்காதீங்க,” என்றார் உதட்டை அசைக்காமல். “ஆள்மாறாட்டம்னு ஒரு கட்டம் இருக்கு. நீங்க சொன்னா நான் அதை அமுக்கியாகணும். அமுக்கினா ரெண்டு பேருக்கும் அஞ்சு வருஷத்துக்கு எதுவும் கிடையாது, அக்காவை அன்னிக்கே எடுத்துட்டுப் போயிடுவாங்க. நீங்க ஒண்ணும் சொல்லல. நான் ஒண்ணும் கேக்கல. போயிட்டு வாங்க.” எழுந்து எனக்காகக் கதவைத் திறந்துவிட்டார்.

வியாழன் காலை எனக்கு ஒரே ஒரு வழிதான் தோன்றியது. என் முகம் கிடைத்தால்தானே கூட்டிக்கொண்டு போவார்கள், கிடைக்காவிட்டால்? அக்காவுக்குத் துடைத்துவிட்டு, தண்ணீர் கொடுத்து, “யார் வந்தாலும் பயப்படாத, நான் பக்கத்துலதான் இருக்கேன்” என்று காதில் சொன்னேன். அவள் ‘ம்’ என்றாள். வேன் வருகிற நாள் என்பதாலோ என்னவோ பணியாளர் ஒன்பதுக்கு வரவில்லை. ஒன்பதே முக்காலுக்கு வாசல் சாவி திரும்புகிற சத்தம் கேட்டது. பணியாளரிடம் ஒரு சாவி உண்டு. குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு, நனைந்த தரையில் சுவரோடு ஒட்டி நின்றேன்.

ரப்பர் செருப்புச் சத்தம் ஒவ்வொரு அறையாகப் போய் வந்தது. குளியலறைக் கதவருகில் நின்றது. கைப்பிடி லேசாக அசைந்தது, பிறகு விட்டது. அறைக்குள்ளிருந்து துணி உதறுகிற சத்தம், ஏதோ இழுபடுகிற சத்தம். பத்து மணிக்கு இரண்டு ஆண்கள் பூட்ஸ் காலோடு வந்தார்கள்.

“ஆள் எங்க?”

“காணோம்,” என்றாள் பணியாளர். “நான் வரும்போதே இல்ல.”

அலமாரி திறந்தது. கட்டிலுக்கு அடியில் எதையோ விட்டுத் துழாவினார்கள். அக்கா ‘ம்’ என்று சொல்லிவிடுவாள் என்று காத்திருந்தேன். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவையாவது அவளிடமிருந்து அந்தச் சத்தம் வரும், பக்கவாதம் வந்த நாளிலிருந்து அது நின்றதே இல்லை. அன்றைக்கு வரவில்லை.

“அந்தக் கட்டில்ல என்ன?” என்றான் ஒருவன்.

“அந்தக் கட்டில்ல யாரும் இல்லங்க. அழுக்குத் துணி மூட்டை. தொடாதீங்க, புண்ணு தொடச்ச துணி.”

பணியாளர் கண்ணுக்கு அக்கா உண்மையிலேயே தெரியவில்லை, இத்தனை நாளும் தெரியவில்லை. என் அக்கா இருக்கிறாள் என்பது இந்த உலகத்தில் என் ஒருத்தியின் கண்ணுக்கு மட்டும்தான் தெரிகிறது என்று நினைத்தேன். அதைவிட மோசமாகவும் ஒன்று நினைத்தேன்: அவள் எப்போதோ போய்விட்டாளோ, நான்தான் ஒரு வருஷமாக ஒரு துணி மூட்டையைப் புரட்டிக்கொண்டிருக்கிறேனோ. தாழில் கை வைத்தேன். திறந்தால் என்னைக் கூட்டிக்கொண்டு போவார்கள். கையை எடுத்துவிட்டேன். அந்த நிமிஷத்தில் எனக்கு இருந்த பயத்தை நான் என் எதிரிக்கும் விரும்ப மாட்டேன்.

“அங்க?” குளியலறைக் கதவு அதிர்ந்தது.

“அது ரிப்பேர். ஒரு மாசமா பூட்டித்தான் கெடக்கு.”

“வீடு காலி. எழுதிக்கோ,” என்றான் மற்றவன். டேப்பிலிருந்து ஒரு மணிச் சத்தம் வந்தது. பூட்ஸ் சத்தம் படியிறங்கிப் போனது, செருப்புச் சத்தமும் கூடவே போனது.

இருநூறு வரை எண்ணினேன். மறுபடி செருப்புச் சத்தம் மேலே ஓடி வந்தது. கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, மூச்சிரைக்க, “சின்னம்மா” என்று ஒரு குரல். “திறங்க சின்னம்மா. அவங்க கீழ இருக்காங்க. பையை மறந்துட்டேன்னு சொல்லிட்டு வந்தேன்.”

திறந்தேன். முதலில் அவள் கழுத்தைத்தான் பார்த்தேன். வார் இல்லை, டேப் இல்லை. அது இல்லாமல் அவளை நான் பார்த்ததே இல்லை.

“வேன்ல வெச்சுட்டு வந்தேன்,” என்றாள். “ஒரு நிமிஷந்தான் இருக்கு. முதல் நாளே எனக்குத் தெரியும் சின்னம்மா. ரெண்டாவது ஒரு ஆள் அதுல பதிவாச்சுன்னா என்ன ஏதுன்னு கேக்கும். கேட்டா நான் பதில் எழுதியாகணும். அதான் அந்தப் பக்கமே திரும்பல. நீங்க தூங்குற நேரத்துல அதை முதுகுப்பக்கம் திருப்பிட்டு என்னால முடிஞ்சதைச் செஞ்சேன். அக்காவுக்கு முதுகுல ஒரு கீறல்கூட இல்ல, பாருங்க.”

“எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேடி,” என்றேன்.

“எப்பச் சொல்றது? அது கழுத்துல தொங்கிட்டே இருந்துச்சே.” என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். “இப்ப காலின்னு எழுதிட்டாங்க. இனிமே யாரும் தேடி வரமாட்டாங்க. அக்கா பேரையும் மூடிடுவாங்க. நாளையிலேர்ந்து எனக்கு வேற வீடு. என்னால வேற எதுவும் செய்ய முடியல சின்னம்மா. மன்னிச்சிருங்க.” அவள் படியிறங்கி ஓடினாள். கீழே வேன் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. நன்றி சொல்லக்கூட எனக்குத் தோன்றவில்லை, கோபமும் வரவில்லை.

அறைக்குள் போனேன். கட்டில்மேல் பெரிய போர்வையும் தலையணைகளும் அழுக்குத் துணிகளும் குவிந்திருந்தன. ஒவ்வொன்றாக எடுத்து வீசினேன். கடைசித் துணிக்கு அடியில் அக்கா வியர்வையில் நனைந்து கிடந்தாள். வலது கையின் விரல்களைத் தன் வாய்க்குள் திணித்துக் கடித்துக்கொண்டிருந்தாள். சத்தம் வெளியே வராமல் இருக்கத்தான். அந்த வழவழப்பான விரல்களை மெல்ல எடுத்துவிட்டேன், பல் பதிந்து ரத்தம் கசிந்திருந்தது. அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

அழுது முடித்து முகத்தைத் தூக்கியபோது அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது. ஒரு வருஷமாகப் பேசாத வாய். நாக்கைப் புரட்டிப் புரட்டி ஏதோ ஒரு சொல்லைத் தேடினாள். காதை அருகில் கொண்டுபோனேன். “அக்கா,” என்றாள்.

ஒரு மாசமாக இந்த வீட்டில் என்னைப் பெரியம்மா, பெரியம்மா என்று கூப்பிடுவதைக் கேட்டுக்கொண்டே கிடந்தவள். என்னைத்தான் பார்த்துச் சொன்னாள். சின்னவள் பெரியவளைப் பார்ப்பதுபோல, பயந்துபோய், எல்லாம் இவள் பார்த்துக்கொள்வாள் என்கிற நம்பிக்கையோடு பார்த்தாள். நான் சின்னு என்று சொல்ல வாயைத் திறந்தேன். மருந்தகத்தில் கத்தினேன், அலுவலகத்தில் சண்டை போட்டேன், ஆனால் இவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பெயர் இவள் ஒருத்தியிடம்தான் இருந்தது.

“இங்கதான் இருக்கேன்டி,” என்றேன். பத்தே முக்கால் ஆகியிருந்தது, அவளைப் புரட்ட வேண்டிய நேரம். கட்டிலில் முழங்காலை ஊன்றி ஏறி, அவள் முதுகுக்கு அடியில் இரண்டு கையையும் கொடுத்தேன்.